தாங்கும் பயிர், தாங்காத உடம்பு: அம்பத்தூர் மண்ணும் கன உலோகங்களின் கதையும்

ஒரு மண்ணில் விஷம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "ஏதாவது நட்டுப் பார். தழைத்தால் நல்ல மண், கருகினால் கெட்ட மண்" என்பதுதான் பலருடைய பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் விஷயத்தில் இது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதற்குள் ஜப்பானில் ஒரு ஆற்றங்கரைக் கிராமங்களில் பல பெண்களின் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன.

செடிகள் உலோகத்தை எப்படித் தாங்குகின்றன என்பது தாவரவியல் மாணவர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கும் எல்லோருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஏன் என்று தெரிய முதலில் கொஞ்சம் உள்ளூர் வரலாறு.

வயல் நடுவே வந்த தொழிற்சாலைகள்

இன்றைக்கு அம்பத்தூரைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை இது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏரிப்பாசன பூமி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து மாதவரம் பக்கத்து ஏரிக்கு. ஆவடிக்குப் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம், நடுவில் கூவம் ஆறு. பூந்தமல்லியின் பழைய பெயரே பூவிருந்தவல்லி. ராமானுஜரின் காலத்தில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் இந்த ஊர்க்காரர். இங்கிருந்து காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் பூ கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. ஆக, பூவும் நெல்லும் கீரையும் விளைந்த மண் இது.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில்துறை அமைச்சராகவும் இருந்த காலத்தில் 1958இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பதினைந்து வருடங்களுக்குள் ஒரு விவசாய வட்டாரம், நாட்டின் முக்கியமான இயந்திரத் தொழில் வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட மாற்றம் இது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் உலோகத்தை வைத்துத் தொழில் செய்யும் இடத்தில் உலோகம் சிந்தாமல் இருக்காது. ஹேண்டில்பார் பளபளக்க நிக்கல், குரோம் முலாம். போல்ட் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகமோ காட்மியமோ. பேட்டரிக்கு ஈயம். மஞ்சள் பெயிண்டுக்கு ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி. முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீர் எங்கே போகும்? கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து ஏரிக்கு. இதோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிகளின் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் முற்றிலும் நின்றது 2000ஆம் ஆண்டில்தான்.

இங்கே இரண்டு தேதிகளைக் கவனியுங்கள். நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்தது 1974இல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கி 18 வருடங்கள் கழித்துத்தான் அதன் கழிவுநீரைக் கேட்க ஒரு வாரியமே வந்தது. உலோகம் காய்கறிக் குப்பை மாதிரி மக்கிப் போகாது. அந்த 18 வருடங்களில் மண்ணில் படிந்தது பெரும்பாலும் மண்ணில்தான் இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் வடசென்னையின் மணலி தொழிற்பகுதி மண்ணை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில் குரோமியம், செம்பு, நிக்கல், துத்தநாகம் எல்லாமே தொழிற்சாலைகளைச் சுற்றிக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். ராணிப்பேட்டையில் 1975இல் தொடங்கி 1995இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மலை லட்சம் டன்னைத் தாண்டும். தொழிற்சாலை மூடினாலும் மண் மூடாது :(

செடியைப் பார்த்து மண்ணைப் படித்தவர்கள்

செடியை வைத்து மண்ணுக்குள் இருப்பதை ஊகிப்பது மிகப் பழைய வித்தை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் எந்த மரம் எங்கே நின்றால், பக்கத்தில் புற்று இருந்தால், எத்தனை ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு அத்தியாயமே எழுதினார். ஐரோப்பாவில் சுரங்கக்காரர்கள் இதே வித்தையை உலோகத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலில், தாதுப் படிவத்துக்கு மேலே செடிகள் எப்படி மாறி நிற்கும் என்ற குறிப்பு உண்டு.

1583இல் இத்தாலியத் தாவரவியலாளர் செசால்பினோ, டஸ்கனி பகுதியின் கருங்கற்பாறை மண்ணில் மட்டும் வளரும் ஒரு சிறு செடியைப் பற்றி எழுதி வைத்தார். அது ஏன் அங்கே மட்டும் வளர்கிறது என்று அவருக்குத் தெரியாது. விடை கிடைத்தது 365 வருடம் கழித்து. 1948இல் மிங்குட்சி, வெர்ஞானோ என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் அதே செடியின் காய்ந்த இலையைச் சோதித்தார்கள். ஒரு கிலோ இலையில் கிட்டத்தட்ட 8 கிராம் நிக்கல்! சாதாரணப் பயிராக இருந்தால் அதில் மிகச் சிறு பங்குக்கே செத்துப்போயிருக்கும். அதற்கு முன்பே 1885இல் பௌமன் என்ற ஜெர்மானியர், துத்தநாகச் சுரங்க மண்ணில் வளரும் செடிகளின் இலையில் ஒரு சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் இருப்பதைக் கண்டிருந்தார்.

அப்போதே ஒரு விஷயம் தெளிவாகியிருக்க வேண்டும். செடி பச்சையாக இருப்பது மண் சுத்தம் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் இவை ஏதோ காட்டுச் செடிகளின் விசித்திரம் என்றே நினைக்கப்பட்டது. பயிர்களோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வேல்ஸ் நாட்டுப் புல்

அடுத்த திருப்பம் 1952. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு பழைய ஈயச் சுரங்கம். அதன் கழிவு மேட்டில் புல் வளர்ந்திருந்தது. பக்கத்து மேய்ச்சல் நிலத்திலும் அதே இனப் புல்தான். ஏ. டி. பிராட்ஷா என்பவர் இரண்டையும் எடுத்துச் சுரங்க மண்ணில் நட்டார். சுரங்கப் புல் வளர்ந்தது, மேய்ச்சல் புல் வளரவில்லை. ஒரே இனம், சில அடி தூரம், ஆனால் வேறு குணம்! அரிதாகத் தாங்கும் திறனோடு பிறந்த செடிகள் மட்டும் பிழைத்து, அவற்றின் விதைகள் மட்டும் பரவி, சுரங்கத்துக்கென்றே ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை நேரில் பார்த்த மாதிரி.

இதற்கு ஆயிரம் வருடம் தேவையில்லை என்பதும் பிறகு தெரிந்தது. துத்தநாகம் பூசிய மின்கோபுரங்களிலிருந்து மழையில் சொட்டும் துத்தநாகத்தால், கோபுரத்துக்கு அடியில் இருக்கும் புற்கள் சில பத்தாண்டுகளிலேயே தாங்கும் திறனைப் பெற்றிருந்தன. பிராட்ஷாவும் கூட்டாளிகளும் 1988இல் இதைக் காட்டினார்கள்.

அப்படியென்றால் நம் கீரையும் நெல்லும் இப்படி மாறிவிடுமா? வயலில் அது நடப்பது கடினம். புல் தன் விதையைத் தானே அதே மண்ணில் போடுகிறது. நம் பயிருக்கு விதை பெரும்பாலும் வேறெங்கோ விளைந்து கடை வழியாக வருகிறது. ஒவ்வொரு போகமும் புது ஆரம்பம். எனவே பயிர் நம்பியிருப்பது பரிணாமத்தை அல்ல, ஏற்கெனவே தன் உடம்பில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டை.

செல்லுக்குள் இருக்கும் பூட்டு

அந்த ஏற்பாடு என்ன? முதல் துப்பு ஒரு குதிரையின் சிறுநீரகத்தில் கிடைத்தது. 1957இல் அமெரிக்காவில் மார்கோஷஸ், வாலி ஆகியோர் அதிலிருந்து காட்மியத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். கந்தகம் நிறைந்த அந்தப் புரதத்துக்கு மெட்டல்லோதயோனின் என்று பெயர் வந்தது. கந்தகத்துக்கும் காட்மியத்துக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். தாவரங்களிலும் இது உண்டு என்று 1987இல் கோதுமை முளைக்கருவிலிருந்து உறுதியானது.

அதற்கு இடையில்தான் நம் நாட்டுச் செடி ஒன்று மேடைக்கு வருகிறது. சர்ப்பகந்தா! இதன் வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்கான மருந்தாக உலகெங்கும் போனது. மூலிகை ஆராய்ச்சிக்காக இந்தச் செடியின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்த ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் கிரில், வின்னாக்கர், சென்க் ஆகியோர், அந்தச் செல்களுக்குக் காட்மியம் கொடுத்துப் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை. மாறாக, ஒரு புதுவகைச் சிறு மூலக்கூறைத் தயாரித்து அதில் காட்மியத்தைக் கட்டி வைத்தன. 1985இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு ஃபைட்டோகீலேட்டின் என்று பெயர்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. செல்லில் எப்போதும் குளுட்டாத்தியோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறு இருக்கும். அதைச் சங்கிலியாகக் கோர்க்கும் நொதியும் தயாராக, ஆனால் சும்மா இருக்கும். காட்மியம் உள்ளே வந்ததும் நொதி விழித்துக்கொள்ளும். சங்கிலி உருவாகி உலோகத்தைச் சுற்றிக்கொள்ளும். பிறகு அந்தப் பொட்டலம் செல்லின் நடுவே இருக்கும் நுண்குமிழிக்குள் தள்ளப்பட்டுப் பூட்டப்படும். கிட்டத்தட்ட வீட்டுக் குப்பையை ஒரு அறையில் போட்டுப் பூட்டுகிற மாதிரி.

ஆக, செடியின் தற்காப்பை மூன்று கோட்டைகளாகச் சொல்லலாம். ஒன்று, வேருக்கு வெளியே: வேர் சுரக்கும் அமிலங்களும் வேரோடு வாழும் பூஞ்சைகளும் உலோகத்தைத் தடுக்கும். இரண்டு, வேரின் சுவர்: ஈயம் பெரும்பாலும் இங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மூன்று, மேலே சொன்ன பூட்டு அறை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? செடி உலோகத்தை அழிக்கவில்லை. ஒரு தனிமத்தை எந்தச் செல்லாலும் அழிக்க முடியாது. தனக்கு ஆபத்தில்லாத இடத்தில் ஒளித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த இலையைப் பறித்துக் கடைந்து சாப்பிட்டால் பூட்டு நம் வயிற்றில் திறக்கும்.

ஜின்சு ஆற்றங்கரை

இதற்கு உலகம் கொடுத்த விலைதான் ஜப்பானின் தொயாமா மாகாணக் கதை. ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா என்ற துத்தநாகச் சுரங்கம். கழிவில் இருந்த காட்மியம் ஆற்றில் வந்தது. ஆற்று நீர் நெல் வயலுக்கும் வீட்டுக்கும் போனது. 1910களிலிருந்தே அங்கே நடுவயது தாண்டிய பெண்களுக்கு ஒரு விசித்திர நோய் வந்தது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் அலறியதே நோய்க்குப் பெயரானது: 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது, வலிக்குது'.

ஹாகினோ நொபோரு என்ற உள்ளூர் மருத்துவர் 1955இல் இதை மருத்துவ உலகத்தின் முன் வைத்தார். காட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல். ஏன் இத்தனை காலம்? ஒரு காரணம், வயலில் நெல் விளைந்துகொண்டே இருந்தது. நெல் தாங்கிக்கொண்டது, அதைச் சாப்பிட்டவர்கள் தாங்கவில்லை. உடம்பில் புகுந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். எனவே நோய் மெதுவாக வரும், சந்தேகமும் மெதுவாகத்தான் வரும். அந்த வயல்களின் மண்ணை மாற்றிச் சரிசெய்யும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது.

எந்த உலோகம் எங்கே நிற்கும்?

1980இல் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனி இந்தக் குழப்பத்தை ஒரு எளிய கருத்தால் தெளிவாக்கினார். மண்ணுக்கும் நம் தட்டுக்கும் நடுவே செடி ஒரு தடுப்புச் சுவர். ஈயம், குரோமியம் போன்றவை பெரும்பாலும் மண்ணிலோ வேரிலோ நின்றுவிடும். துத்தநாகம், செம்பு, நிக்கல் மேலே ஏறும். ஆனால் சாப்பிடுபவருக்கு ஆபத்து வரும் அளவுக்கு முன்பே செடி வெளுத்து வாடிவிடும். இவற்றுக்கு "நட்டுப் பார்" வைத்தியம் சரி. இந்தச் சுவரைத் தாண்டும் முக்கிய எதிரி காட்மியம். செடிக்கு ஒன்றும் ஆகாத அளவிலேயே மனிதனுக்குக் கெடுதல் தரும்.

எல்லாப் பயிரும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். பொதுவாகக் காட்மியம் இலையில் அதிகம் சேரும், காயிலும் விதையிலும் குறைவு. கீரை வகைகள் முதல் வரிசை. வெண்டை, அவரை, பூசணி மாதிரிக் காய்கள் பின்வரிசை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கீரை வகைகளுக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம், 0.3 மில்லிகிராம் ஈயம் என்று எல்லை வைத்திருக்கிறது. சாலையோரக் கீரையில் ஈயம் பெரும்பாலும் இலைமேல் படியும் தூசியாக வருவது. நன்றாகக் கழுவினால் நிறையப் போய்விடும். காட்மியம் இலைக்குள்ளேயே இருப்பது. எத்தனை முறை அலசினாலும் போகாது.

நெல்லின் இரண்டு வாசல்கள்

நெல்லைப் பற்றி இந்த நூற்றாண்டில் நல்ல செய்திகளும் வந்தன. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், காட்மியத்தை வேரின் பூட்டு அறையில் தள்ளும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 'அஞ்சனா தான்' என்ற இண்டிகா ரக நெல்லில் இந்த மரபணு பழுதாகி இருந்தது. அதனால் காட்மியம் தடையில்லாமல் மணிவரை ஏறியது. 2012இல் இன்னொரு குழு, கோஷிஹிகாரி ரக நெல்லைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சில ஆயிரம் செடிகளில் மூன்றே மூன்றில் காட்மியம் ஏறவே இல்லை என்று கண்டது. காரணம், வேர் மாங்கனீசை உள்ளே விடும் வாசல் அவற்றில் கெட்டுப்போயிருந்தது. காட்மியம் அதுவரை மாங்கனீசு வேஷத்தில் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்துகொண்டிருந்தது!

தண்ணீர் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. வயலில் நீர் நின்றால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். வயல் காய்ந்தால் கரைந்து ஏறும். ஆர்சனிக்குக்கு இது நேர் எதிர். ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை அழைத்த கதையாகாமல் பார்க்க வேண்டும்.

கடுகும் சீமைக் கருவேலமும்

சேர்த்து வைக்கும் செடியை வைத்தே மண்ணைச் சுத்தம் செய்தால் என்ன? 1990களில் இந்த யோசனை பிரபலமானது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ராஸ்கின் குழுவினர் தேர்ந்தெடுத்த செடி, நாம் தாளிக்கப் பயன்படுத்தும் இந்தியக் கடுகு இனம். ஈயத்தை உறிஞ்ச வைக்க மண்ணில் ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டியிருந்தது. அது ஈயத்தை நிலத்தடி நீருக்கும் இறக்கும் என்பதால் உற்சாகம் குறைந்தது.

சென்னையிலும் ஒரு அத்தியாயம் உண்டு. தரமணியில் இருக்கும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அஜய் பரிதா குழுவினர், சீமைக் கருவேலத்திலிருந்து மெட்டல்லோதயோனின் மரபணுக்களைப் பிரித்து, அவை உலோகங்களை எப்படிப் பிடிக்கின்றன என்று 2009இல் வெளியிட்டார்கள். ஊரே திட்டும் மரம்! எந்தக் குப்பை மேட்டிலும் கழிவுநீர்க் கரையிலும் அது அசராமல் நிற்கும் ரகசியத்தில் இதுவும் ஒரு பகுதி.

நம் பக்கம் என்ன செய்யலாம்?

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. வயல்கள் மனைகளாகிவிட்டன. ஆனாலும் மிச்சமிருக்கும் துண்டு நிலங்களில் கீரை போட்டுத்தான் சில குடும்பங்கள் பிழைக்கின்றன. இப்போது மாடியிலும் கொல்லையிலும் தோட்டம் போடும் ஆசையும் பரவியிருக்கிறது. கீரை போடுபவர்கள் குற்றவாளிகள் இல்லை. அவர்கள் சிந்தாத உலோகம், அவர்கள் கேட்காமல் வந்த தண்ணீர்.

2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அம்சங்கள் சோதிக்கப்படுகின்றன. தழைச்சத்து முதல் துத்தநாகம், செம்பு வரை உண்டு. காட்மியமும் ஈயமும் அதில் இல்லை! அந்த அட்டை 'இந்த மண்ணில் பயிர் நன்றாக வருமா' என்று கேட்கிறது. 'வந்த பயிரைச் சாப்பிடலாமா' என்று கேட்கவில்லை. தொழிற்பேட்டைகளைச் சுற்றியாவது இந்த இரண்டையும் அரசே இலவசமாகச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

அதுவரை நம் கையில் இருப்பவை எளிய விஷயங்கள். பழைய பட்டறை இருந்த மனையிலும் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்திலும் கீரைக்குப் பதில் காய் வகையோ பூச்செடியோ போடலாம். புளித்த மண்ணில் சுண்ணாம்பும் நிறையத் தொழுவுரமும் சேர்த்தால் உலோகம் வேருக்குக் கிடைப்பது குறையும். தொட்டியில் வளர்ப்பவர்கள் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்கலாம்.

பயிர்கள் பல கோடி வருடங்களாகப் பழகிய ஒரு தற்காப்பைத் தங்களுக்காக வைத்திருக்கின்றன, நமக்காக அல்ல. இலை பச்சையாக இருக்கிறது என்பது செடியின் உடல்நலச் சான்றிதழ். நமக்கான சான்றிதழை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.